வெல்ஷ் மட்டக்குதிரை: முதல் குட்டி எடுப்பது எப்படி?

வேல்ஸில் இரண்டு மூன்று பெட்டைகளை மட்டும் வைத்து நல்ல குட்டிகள் எடுக்கும் குடும்பங்கள் உண்டு. அந்த அளவில் நீங்களும் தொடங்கலாம்.

முதலில் பிரிவை முடிவுசெய்யுங்கள். வம்சப் பதிவேட்டை நடத்துவது 1901-ல் உருவான வெல்ஷ் போனி அண்ட் காப் சொசைட்டி. அதில் ஏ, பி, சி, டி என்று நான்கு பிரிவுகள். ஏ என்பது மலைக்குதிரை, 12 கை உயரத்தைத் தாண்டக்கூடாது. ஒரு கை என்றால் நான்கு அங்குலம். பி, சி இரண்டும் 13.2 கை வரை, அதாவது 13 கை 2 அங்குலம். டி அதற்கும் மேல். புதியவர்களுக்கு நான் சொல்வது ஏ பிரிவுதான்.

அடுத்து பெட்டை. இருக்கும் பணத்தை இவள் மேல் போடுங்கள். நேரான கால், உறுதியான குளம்பு, அகன்ற நெற்றி, பெரிய கண், சாதுவான குணம் எல்லாம் பாருங்கள். பொலிக்குதிரையைச் சொந்தமாக வாங்கவேண்டாம். உரிமம் பெற்ற நல்ல குதிரையிடம் கட்டணம் கொடுத்துச் சேர்த்தால் போதும். உங்கள் பெட்டையிடம் எது குறைவோ, அது அவனிடம் நன்றாக இருக்கவேண்டும்.

சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம். மே மாதம் சேர்த்தால் ஏப்ரலில், புல் துளிர்க்கும் நேரத்தில் குட்டி வரும். சேர்த்த இரண்டு வாரத்தில் மருத்துவரிடம் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். குதிரைக்கு இரட்டைக் கரு ஆபத்து. அதைச் சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் சரிசெய்ய முடியும்.

இனி தூங்காத இரவுகள். பெரும்பாலும் ராத்திரியில்தான் ஈனும். காம்பு நுனியில் மெழுகு போலத் திரண்டால் நாள் நெருங்கிவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்ற கணக்கை நினைவில் வையுங்கள்: ஒரு மணி நேரத்துக்குள் குட்டி எழவேண்டும், இரண்டுக்குள் பால் குடிக்கவேண்டும், மூன்றுக்குள் நஞ்சுக்கொடி விழவேண்டும். தவறினால் உடனே மருத்துவரை அழையுங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். குதிரைக்குட்டி நோய் எதிர்ப்புச் சக்தியைத் தாயின் வயிற்றிலிருந்து கொண்டுவருவதில்லை. சீம்பாலில்தான் அது கிடைக்கிறது. முதல் சில மணி நேரத்தைத் தவறவிட்டால் அந்த வாய்ப்பு திரும்ப வராது.

அப்புறம் குட்டிக்கு மைக்ரோசிப், பாஸ்போர்ட் என்ற அடையாள ஆவணம், வம்சப் பதிவேட்டில் பதிவு. இவற்றைத் தள்ளிப்போடாதீர்கள்.

மலைப்புல்லுக்குப் பழகிய இனம் இது. செழித்த மேய்ச்சலில் விட்டால் கொழுத்து, குளம்பழற்சி (குளம்புக்குள் வரும் வலிமிக்க வீக்கம்) வந்து நடக்கவே முடியாமல் போகும். கண்காட்சிக்குப் பளபளப்பாக இருக்கட்டும் என்று தீனியை ஏற்றுவது குதிரைக்குச் செய்யும் கொடுமை.

குட்டி சில நாள் வயதாக இருக்கும்போதே தலைக்கயிறு பழக்குங்கள்; தினம் பத்து நிமிடம் போதும். கால் தூக்கவும் கற்றுக்கொடுங்கள். ஏ பிரிவில் பிடரியை இயற்கையாக விட்டுவிடுவதே வழக்கம். குளிப்பாட்டி, சீவி, சேறு தட்டினால் முக்கால் வேலை முடிந்தது.

ஜூலையில் வேல்ஸின் லானெல்வெத் ஊரில் ராயல் வெல்ஷ் ஷோ என்ற பெரிய விவசாயக் கண்காட்சி நடக்கும். அதற்கு முன் பக்கத்து ஊர்ச் சிறு கண்காட்சிகளில் பழக்குங்கள். நடுவர் முன் நான்கு கால்களும் தெரியும்படி நிறுத்துங்கள். ஓட்டிக் காட்டும்போது கயிற்றைத் தளர்த்தி, அதன் தோளுக்கு நேராக நீங்களும் ஓடுங்கள். இழுத்துப் பிடித்தால் தலை கோணும், நடை குலையும். அதனால் கண்காட்சிக்கு ஒரு மாதம் முன்பே நீங்களும் ஓடிப் பழகுங்கள்.