கிரீம் பிரிந்துவிட்டதா? அடுப்பில் வைக்கும் முன் கொஞ்சம் பாருங்கள்

முகத்தில் பூச வீட்டிலேயே நான் செய்த இரண்டாவது கிரீம், டப்பாவில் போட்ட கால் மணி நேரத்தில் திட்டுத்திட்டாகப் போய்விட்டது. அருமனையில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் சித்தி அன்று வந்திருந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, "மக்ளே, இதுல ஆசிட் ஊத்துனியா?" என்று கேட்டார். ஊற்றத்தான் செய்திருந்தேன், எலுமிச்சைச் சாறு.

ரப்பர் பால் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். அந்தப் பாலில் நுண்ணிய ரப்பர் துளிகள் தண்ணீருக்குள் மிதக்கின்றன. ஒன்றோடொன்று ஒட்டாமல் அவற்றைச் சுற்றி ஒரு காவல் இருக்கிறது. ஃபார்மிக் ஆசிட் விட்டதும் காவல் போய்விடும், பால் உறைந்து ஷீட் அடிக்கத் தயாராகும். கிரீமில் ரப்பருக்குப் பதில் எண்ணெய், காவலுக்கு எமல்சிஃபையர். அன்று நான் செய்தது ஸ்டியரிக் ஆசிட் என்ற கொழுப்பு அமிலமும் காரமும் (ஆல்கலி) சேர்ந்து உண்டாகும் சோப்பை நம்பிய கிரீம். அந்தச் சோப்பைப் புளிப்பு உடைத்துவிடும். (எலுமிச்சை பூசி வெயிலில் போனால் தோலும் புண்ணாகும். அதை விட்டுவிடுங்கள்.)

படி 1: எப்படிப் பிரிந்திருக்கிறது?

பிரிந்த உடனே சூடாக்க ஓடாதீர்கள். மேலே கெட்டியாகவும் கீழே நீர்த்தும் இருக்கிறதா? ஸ்பூனால் கலக்குங்கள். எடுத்துவைத்த தேங்காய்ப்பாலில் தலைப்பால் மேலே ஏறி, கலக்கியதும் சேர்ந்துகொள்வது போலச் சேர்ந்தால் துளிகள் இன்னும் உடையவில்லை. கிரீம் நீர்த்துப்போனதுதான் குறை. அடுத்த முறை செட்டைல் ஆல்கஹால் (கிரீமைக் கெட்டியாக்கும், மெழுகு போன்ற பொருள்) கொஞ்சம் கூட்டினால் சரியாகும்.

மேலே தெளிந்த எண்ணெய் நின்றால் கதை வேறு. அதிகம் கொதித்த குழம்பில் தேங்காய்ப்பால் திரிந்த நிலை அது. துளிகள் ஒன்றாகிவிட்டன, கலக்கிப் பயனில்லை.

கையில் நறநறவென்று மணல் போல் பட்டால் அது பெரும்பாலும் பிரிதலே இல்லை, கொழுப்பு உறைந்தது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே உறைய ஆரம்பிக்கும். மார்கழி விடியற்காலையில் நம் வீட்டுப் பாட்டிலில் பார்த்திருப்பீர்களே.

புளித்த வாசனை, குமிழி, புள்ளி எது தெரிந்தாலும் குப்பையில் போடுங்கள். அதற்கு மருந்து கிடையாது.

படி 2: காரணம் எது?

மார்த்தாண்டம் பக்கம் தேன்மெழுகு சுலபமாகக் கிடைப்பதால் பலர் அதையே எமல்சிஃபையர் என்று எண்ணிவிடுகிறார்கள். தேன்மெழுகு எண்ணெயைக் கெட்டியாக்கும், தனியாகத் தண்ணீரைப் பிடித்து வைக்காது. தேவைப்படுவது 'எமல்சிஃபையிங் வாக்ஸ்' என்ற பெயரில் விற்பது. இரண்டிலும் மெழுகு என்ற சொல் இருப்பதுதான் வில்லங்கம்.

அடுத்தது சூடு. 70 டிகிரி எண்ணெயில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் மெழுகு அங்கேயே உறைந்துவிடும். மூன்றாவது, ஸ்பூன் கணக்கு. கிராம் காட்டும் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். செடியிலிருந்து எடுத்த கற்றாழைச் சோறும் தொல்லைதான், அதிலுள்ள உப்புகள் சில எமல்சிஃபையர்களுக்கு ஒத்துவராது, சீக்கிரம் கெடவும் செய்யும்.

படி 3: காப்பாற்றுவது

அன்றைக்குச் செய்து அன்றைக்கே பிரிந்ததை மட்டும் காப்பாற்றுங்கள். முதலில் எடை போடுங்கள். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து 70 டிகிரிக்குச் சூடாக்கி, 100 கிராமுக்கு 1 முதல் 2 கிராம் எமல்சிஃபையிங் வாக்ஸ் சேர்த்து முழுக்க உருக விடுங்கள். ஹேண்ட் பிளெண்டரை அடியில் அழுத்தி, காற்று புகாமல், விட்டு விட்டு இரண்டு மூன்று நிமிடம் அடியுங்கள். அப்புறம் ஆறும் வரை ஸ்பாட்டுலாவால் கிளறுங்கள். பாதியில் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனால் மறுபடி பிரியும். ஆவியான தண்ணீரை, அதே எடை வரும்வரை, கொதிக்கவைத்து ஆறிய டிஸ்டில்டு வாட்டரால் ஈடுகட்டுங்கள்.

படி 4: அடுத்த முறைக்கு ஒரு அளவு

100 கிராமுக்கு: டிஸ்டில்டு வாட்டர் 73, கிளிசரின் 3, தேங்காய் எண்ணெய் 16, எமல்சிஃபையிங் வாக்ஸ் 5, செட்டைல் ஆல்கஹால் 2, பிரிசர்வேட்டிவ் (கெடாமல் காப்பது) 1. கடைசியாகச் சொன்னதன் அளவை அதன் லேபிளில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள், மாறினால் தண்ணீரைக் கூட்டிக் குறைத்து 100க்குக் கொண்டுவரலாம். தண்ணீரும் கிளிசரினும் ஒரு பாத்திரம், எண்ணெயும் இரண்டு மெழுகும் இன்னொன்று. இரண்டும் 70 முதல் 75 டிகிரி வந்ததும் சேர்த்து அடியுங்கள். 40 டிகிரிக்குக் கீழே இறங்கியபின் பிரிசர்வேட்டிவ். வாசனை வேண்டுமென்றால் அதுவும் அப்போதுதான்.

படி 5: சோதனை

ஒரு சின்ன பாட்டிலை ஒரு இரவு ஃபிரிட்ஜிலும் மறுநாள் வெளியிலும் வையுங்கள். இப்படி மூன்று சுற்று. இன்னொரு பாட்டிலைச் சமையலறையில் சூடான மூலையில் ஒரு வாரம் விட்டுவிடுங்கள். இரண்டும் பிரியாமல் இருந்தால் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்பு இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம்.