ஷார்ட்கோடு பட்டன் இடம் மாறி மேலே போனால்

வேர்ட்பிரஸில் பல பக்கங்களில் ஒரே மாதிரி பட்டன் வேண்டுமென்றால் ஒவ்வொரு இடத்திலும் எச்டிஎம்எல்லை ஒட்ட வேண்டாம், ஒரு ஷார்ட்கோடு (சதுர அடைப்புக்குள் எழுதும் சின்னக் குறிச்சொல்; அந்த இடத்தில் பட்டன் வந்துவிடும்) போதும். நான் சரிசெய்த தளத்தில் பட்டன் பத்திகளுக்கு நடுவே வராமல் பதிவின் உச்சியில் போய் நின்றது. காரணம் 'எக்கோ', அதாவது நேரடியாக அச்சிடும் பிஎச்பி கட்டளை. ஷார்ட்கோடு ஃபங்ஷன் எதையும் நேரடியாக அச்சிடக் கூடாது. 'ரிட்டர்ன்' செய்ய வேண்டும், அதாவது பட்டனை வேர்ட்பிரஸிடம் திருப்பித் தர வேண்டும். அச்சிட்டால், பதிவின் உரை தயாராகிக்கொண்டிருக்கும்போதே பட்டன் முந்திக்கொண்டு வெளியே போய்விடும். அந்த ஒரு சொல்லை மாற்றியதும் பட்டன் தன் இடத்துக்கு வந்தது.

லிங்க், எழுத்து, நிறம் மூன்றையும் அட்ரிபியூட்டாக (ஷார்ட்கோடுக்குள் தரும் மதிப்பாக) வைத்து, டீஃபால்ட் மதிப்பும் கொடுத்துவிடுங்கள். அட்ரிபியூட் பெயர்களை ஃபங்ஷனின் நிரலிலும் சின்ன எழுத்தில்தான் எழுத வேண்டும்; பதிவில் எப்படித் தந்தாலும் வேர்ட்பிரஸ் சின்ன எழுத்தாக்கிவிடும். எம்எஸ் வேர்டிலிருந்து ஷார்ட்கோடை நகலெடுத்து ஒட்டினால் வளைந்த மேற்கோள்குறி வந்து லிங்க்கையே கெடுக்கும். இதைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம், கண்ணுக்குச் சட்டெனத் தெரியாது.

பட்டனின் தோற்றத்துக்கான சிஎஸ்எஸ் கிளாஸுக்கு வெறும் 'பட்டன்' என்று பெயர் வைத்தால் தீமில் (தள வடிவமைப்பில்) உள்ள அதே பெயரோடு மோதும், முன்னொட்டு சேருங்கள். டிஸ்ப்ளேயை இன்லைன்-பிளாக் ஆக்காவிட்டால் பேடிங் (எழுத்தைச் சுற்றிய உள் இடைவெளி) மேல்வரியில் ஏறும். விரலால் தட்ட 44 பிக்சல் உயரமாவது வையுங்கள்.

இந்த நிரலைத் தீமின் ஃபங்ஷன்ஸ் ஃபைலில் போட்டால் தீமின் அடுத்த அப்டேட்டில் அழிந்துவிடும். சின்ன பிளகினாக வைப்பதே நல்லது.