12.5 எப்படி 125 ஆனது?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறை. அவர்களுடைய ஜப்பான் வாடிக்கையாளர் ஆபீஸில் இன்னமும் ஃபேக்ஸ்தான் ஓடுகிறது. ஆட்டோகேட் என்ற வரைபட சாஃப்ட்வேரில் போட்ட வரைபடத்தை மண்ணடியில் இருக்கும் எங்கள் கடைக்கு மெயிலில் அனுப்புவார்கள். ஃபேக்ஸுக்கு ஏற்ற டிஃப் படமாக மாற்றி அனுப்புவது என் வேலை. ஒருமுறை துளையின் விட்டம் 12.5 மி.மீ. என்று கிளம்பி 125 என்று போய்ச் சேர்ந்தது. "பிளேட்டே 80 மி.மீ. அகலம், அதில் எப்படி 125 துளை?" என்று மறுநாள் பதில் ஃபேக்ஸ். புள்ளியைத் தொலைத்தது நான்தான்.

ஃபேக்ஸுக்குக் கறுப்பும் வெள்ளையும் தவிர வேறெதுவும் தெரியாது. ஏ4 அகலத்துக்கு ஒரு வரியில் 1728 புள்ளிகள். உயரவாக்கில் 'ஸ்டாண்டர்ட்' வைத்தால் மில்லிமீட்டருக்கு 3.85 வரி, 'ஃபைன்' வைத்தால் 7.7. அன்று நான் செய்தது, பெரிய ஏ1 தாளுக்குப் போட்ட வரைபடத்தை அப்படியே ஏ4-க்குச் சுருக்கி ஸ்டாண்டர்டில் அனுப்பியது. 3.5 மி.மீ. உயர எழுத்து 1.2 மி.மீ. ஆகிவிடும், அதற்குக் கிடைப்பது நாலைந்து வரி. அதில் தசமப்புள்ளி எங்கே பிழைக்கும்? இப்போதெல்லாம் தேவையான பகுதியை மட்டும் வெட்டி, இரண்டு மூன்று பக்கமாகப் பிரித்து, ஃபைனில்தான் அனுப்புகிறேன்.

தமிழ்க் கடிதத்துக்கும் இதே கதிதான். சின்ன எழுத்தில் அடித்தால் மெய்யெழுத்தின் புள்ளி முதலில் போகும். 'கண்ணன்' போய்ச் சேரும்போது 'கணணன'. பழைய பாமினி எழுத்துருவில் அடித்த ஃபைல் என்றால் தொல்லை வேறு மாதிரி: அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் மாற்றினால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரும். அடித்த கம்ப்யூட்டரிலேயே, எழுத்துருவையும் உள்ளே சேர்த்து பிடிஎஃப் ஆக்கி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆட்டோகேடில் கறுப்புத் திரையில் பளிச்சென்று தெரியும் மஞ்சள் கோடு, வெள்ளைத் தாளில் வெளிறிப்போய், கறுப்பு வெள்ளையாக மாறும்போது காணாமலே போகும். பிளாட் ஸ்டைல் என்ற பிரிண்ட் அமைப்பில் மோனோக்ரோம் வைத்தால் எல்லா நிறமும் கறுப்பாகும். மயிரிழைக் கோடுகளைக் கொஞ்சம் தடிப்பாக்கவும் வேண்டும்.

சாம்பல் நிறத்தைப் புள்ளி புள்ளியாக உடைக்கும் டிதரிங் புகைப்படத்துக்குச் சரி, எழுத்துக்கும் கோட்டுக்கும் ஆகாது. தொடர்ந்து எத்தனை வெள்ளை, எத்தனை கறுப்பு என்று எண்ணித்தான் ஃபேக்ஸ் தகவலைச் சுருக்குகிறது. புள்ளியாகச் சிதறினால் சுருங்காது. ஒரு பக்கம் போக நேரம் இழுக்கும், வெளிநாட்டு லைனில் காசும் ஏறும். நடுவில் ஜேபெக்காகச் சேமிப்பதும் வேண்டாம். எழுத்தைச் சுற்றிப் படியும் அழுக்கெல்லாம் கறுப்புப் பொட்டாக நின்றுவிடும்.

ஸ்டாண்டர்ட் டிஃப் சில வியூவரில் பாதி உயரத்துக்கு அமுங்கித் தெரியும். குறுக்கே 204 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), உயரவாக்கில் 98; அதனால்தான். ஃபைலில் தப்பில்லை. அதை 'சரிசெய்கிறேன்' என்று இழுத்துவிட்டால் அந்தப் பக்கம் இருமடங்கு நீளத்தில் வரும்.

குரூப் 4 முறையில் சுருக்கினால் ஃபைல் சின்னதாக இருக்கும்தான். ஆனால் பழைய ஃபேக்ஸ் சாஃப்ட்வேர் சிலது குரூப் 3 என்ற பழைய சுருக்கும் முறையை மட்டுமே எடுத்துக்கொள்ளும், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வெள்ளை எது, கறுப்பு எது என்ற குறி மாறினால் பக்கம் நெகட்டிவாகப் போய், எதிராளியின் டோனர் காலி.

அனுப்புவதற்கு முன் அந்த டிஃப்பையே ஏ4-இல் பிரிண்ட் எடுத்து, அளவுகளை மட்டும் பேனாவால் டிக் அடித்துக்கொண்டே படிக்கிறேன். பட்டறைக்காரர்களும் இப்போது அளவு எழுத்தை 5 மி.மீ.க்கு ஏற்றிவிட்டார்கள்.