பார்லர் ரேட்டும் அட்வான்ஸும்: நான் கணக்குப் போடும் முறை

உறையூரில் இரண்டு நாற்காலி போட்டு லேடீஸ் பார்லர் நடத்துகிறேன். புதிதாகக் கடை போடும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, ஹேர்கட்டுக்கு எவ்வளவு வைக்கலாம்?" என்பதுதான். பலரும் பக்கத்துக் கடை போர்டைப் பார்த்து அதில் ஐம்பது ரூபாய் குறைத்து வைக்கிறார்கள். அந்தக் கடை சொந்தக் கட்டடத்தில் இருக்கலாம். வீட்டுக்காரர் சம்பளத்தில் ஓடலாம். அவர்கள் ரேட் நமக்குக் கட்டாது. நம் நாற்காலிக்கு என்ன செலவாகிறது என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். வாடகை 15,000, கரண்ட் 4,000, உதவிக்கு இரண்டு பெண்கள், ஆளுக்கு 12,000, துண்டு சலவை, தண்ணீர், போன் எல்லாம் சேர்த்து 3,000. உங்கள் சம்பளம் 20,000. இந்தக் கடைசி வரியைத்தான் பாதிப் பேர் எழுதுவதே இல்லை. நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறோம், அதற்குக் கூலி வேண்டும். மொத்தம் 66,000. மாதம் 26 நாள், இரண்டு நாற்காலி. கடை பத்து மணி நேரம் திறந்திருந்தாலும் ஒரு நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருப்பது ஐந்து மணி நேரம் என்று வையுங்கள். 260 மணி நேரம் வருகிறது. வகுத்தால் மணிக்கு 254 ரூபாய். முக்கால் மணி பிடிக்கும் லேயர் கட்டுக்கு நாற்காலிச் செலவே 190. ஷாம்பு, கண்டிஷனர் சேர்த்து 215 ஆகும். லாபத்தோடு 300 சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. 150க்கு வெட்டினால் ஒவ்வொரு தலைக்கும் நாம்தான் பணம் கொடுக்கிறோம்.

கலரிங், ஸ்ட்ரெய்ட்டனிங்கில்தான் சண்டை வரும். போர்டில் "ரூ.2,500 முதல்" என்று போட்டால் வருகிறவர் காதில் 2,500 மட்டும்தான் விழும். "முதல்" என்ற சொல்லையே எடுத்துவிடுங்கள். என் கடையில் கண்ணாடி ஓரமாக ஒரு இஞ்ச் டேப் ஒட்டி, தோள், முதுகு நடு, இடுப்பு என்று மூன்று கோடு போட்டிருக்கிறேன். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு விலை. தோள் வரை ஒரு கலர் டியூப் போதும். இடுப்பு வரை அடர்த்தியான முடி என்றால் மூன்று டியூப் வரை இழுக்கும். நீளத்தை அவரே பார்க்க வைத்து, மொத்தத் தொகையைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்த பிறகுதான் கிண்ணத்தை எடுக்க வேண்டும். நிறம் பிடிக்கச் சேர்க்கும் டெவலப்பரோடு கலந்த கலரை எடுத்து வைத்து நாளைக்குப் பயன்படுத்த முடியாது. கலந்த பிறகு விலை பேசினால் இரண்டு பேருக்கும் மனக்கசப்புதான்.

கலருக்கு 48 மணி நேரம் முன்னால் காதுக்குப் பின்னால் தடவிப் பார்க்கும் அலர்ஜி டெஸ்ட்டை விடவே விடாதீர்கள். அதற்கு வரும் அன்றே சீட்டு எழுதி அட்வான்ஸ் வாங்கிவிடலாம். அரிப்போ சிவப்போ வந்தால் அட்வான்ஸை முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

வரியையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டு மொத்த வசூல் (லாபம் இல்லை) 20 லட்சத்துக்குள் இருந்து ஜிஎஸ்டி பதிவு இல்லை என்றால் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூடப் போடக் கூடாது. பதிவு இருந்தால், 2025 செப்டம்பர் 22 முதல் சலூன், பார்லர் சேவைக்கு 18 சதவீதம் போய் 5 சதவீதம். ஆனால் நாம் பொருளுக்கும் வாடகைக்கும் கட்டும் வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அதையும் நாற்காலிச் செலவில் சேருங்கள். போர்டில் வரி உட்பட்ட விலையையே போடுங்கள்.

இனி கேன்சல். சாதாரண ஹேர்கட், டிரிம்மிங்குக்கு அட்வான்ஸ் கேட்காதீர்கள். அரை மணி காலியானால் வேறு யாராவது வருவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் வேலைக்கு மட்டும் ஐந்தில் ஒரு பங்கு வாங்குங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் விதிக்கும் ஒப்பந்தத்தை நியாயமற்றது என்கிறது. ஐயாயிரம் ரூபாய்க்கு நான்கு மணி நேர ஸ்ட்ரெய்ட்டனிங் பேசி, ஆள் வராவிட்டால் நம் நாற்காலி நஷ்டம் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். அந்த ஆயிரம்தான் அட்வான்ஸ். ஐயாயிரத்தையும் பிடித்துக்கொள்வது நியாயமே இல்லை.

வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவது இப்படி: "வணக்கம் மேடம். சனிக்கிழமை காலை 10 மணி, ஸ்ட்ரெய்ட்டனிங், முதுகு நடு வரை, மொத்தம் ரூ.5,000. அட்வான்ஸ் ரூ.1,000. வெள்ளி காலை 10 மணிக்குள் சொன்னால் பணம் முழுதும் திருப்பித் தருவோம். அதற்குப் பிறகு சொன்னால் ஒரு முறை தேதி மாற்றித் தருவோம். சொல்லாமல் இருந்துவிட்டால் அட்வான்ஸ் திரும்பாது. சரி என்று பதில் போடுங்கள்." அந்தச் "சரி" வந்த பிறகுதான் ஜிபே நம்பர் அனுப்புவேன்.

கிழமையைக் கட்டாயம் சொல்லுங்கள். தேதி மட்டும் சொல்லி ஒப்புக்கொண்ட பெண், "வெள்ளிக்கிழமையாம், மாமியார் முடி வெட்டக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க அக்கா" என்று காலையில் போன் செய்வார். செவ்வாய், வெள்ளி, அமாவாசை மூன்றையும் புக் செய்யும்போதே கேட்டுவிட்டால் கேன்சலில் பெரும்பகுதி குறையும்.

மணப்பெண் அலங்காரம் தனி. தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாளை ஒருவருக்குக் கொடுத்தால் அந்த விடியற்காலையை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. பாதித் தொகை வாங்கலாம். ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டால் திருப்பிக் கொடுங்கள். அந்தத் தேதிக்கு வேறு ஆள் கிடைத்தாலும் கொடுங்கள். வீட்டில் துக்கம், ஆஸ்பத்திரி என்றால் எந்த விதியும் பேசாதீர்கள். "பணத்தை அனுப்பிட்டேம்மா, பாத்துக்குங்க" என்று சொன்னால் போதும்.

நம் பக்கம் தவறினாலும் அதே கறார் வேண்டும். உதவிப் பெண் லீவு போட்டால் அன்றே அட்வான்ஸ் திரும்பப் போக வேண்டும். அடுத்த முறை நூறு ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளை முன்னமே அறிவிக்கிறது. அன்று அயர்னிங் மெஷின் வேலை எதையும் புக் செய்யாதீர்கள்.

ரேட் ஏற்றுவதை வருஷத்துக்கு ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். வேலை குறைவான மார்கழியில் போர்டு எழுதி, தை பிறந்ததும் அமலுக்குக் கொண்டுவரலாம். அதற்கு முன் அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்குப் பழைய ரேட்தான்.