சிவப்பு விளக்கில் கார் நடுங்குகிறதா? ஐடில் வால்வைச் சோதிக்கும் முறை

சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்று) புதுப்பித்து ஓட்டும் பழைய கார்களில் சகஜமான தொல்லை இது. ஐடில் வால்வு என்பது, ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் அணையாமல் ஓடத் தேவையான காற்றை விடும் சிறு வால்வு. சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) ஏறி இறங்கும். ஏர்கானைப் போட்டதும் எஞ்சின் அணையப் பார்க்கும். புது வால்வு வாங்கும் முன் நாமே சோதித்துவிடலாம். ஒரு புளூடூத் ஓபிடி ஸ்கேனரும் (காரின் கணினித் தகவலைக் கைப்பேசியில் காட்டும் கருவி) மல்டிமீட்டரும் போதும். சிம் லிம் டவரில் கிடைக்கும் சாதாரண மீட்டரே தாராளம்.

படி 1: சாலையில்

நிறுத்திய காரில் எஞ்சினைச் சும்மா ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம். அதனால் எஞ்சின் சூடாகும்வரை ஓட்டுங்கள். சிக்னலில் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர் ஸ்கேனர் ஆப்பைப் பார்த்து எழுதட்டும். ஓட்டுபவர் கைப்பேசியைத் தொடவே கூடாது.

ஆர்பிஎம் பெரும்பாலும் 600 முதல் 850-க்குள் இருக்கும். ஏர்கானைப் போட்டதும் லேசாகச் சரிந்து உடனே நிமிர வேண்டும். நிமிராவிட்டால் வால்வு மீதோ த்ராட்டில் பாடியில் (எஞ்சினுக்குப் போகும் காற்றை ஒரு தகட்டால் கட்டுப்படுத்தும் பாகம்) படிந்த கரி மீதோ சந்தேகப்படலாம்.

அடுத்து ஃபியூயல் ட்ரிம், அதாவது காரின் கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம். ஆப் காட்டும் ஷார்ட் (உடனடித் திருத்தம்), லாங் (நீண்டகாலத் திருத்தம்) இரண்டையும் கூட்டுங்கள். ஏர்ஃப்ளோ சென்சர் (உள்ளே போகும் காற்றை அளப்பது) உள்ள காரில், கூட்டுத்தொகை சிக்னலில் +10 சதவீதத்துக்கு மேல் போய், விரைவுச்சாலையில் பூஜ்யத்தை ஒட்டி வந்தால், எங்கோ காற்று கசிகிறது. வால்வை விடுங்கள், ரப்பர் குழாய்களில் வெடிப்பு தேடுங்கள். என்னைக் கேட்டால் இந்த ஒரு சோதனைக்கே ஸ்கேனர் வாங்கலாம்.

படி 2: எஞ்சின் ஆறிய பிறகு

சாவியை எடுத்துவிடுங்கள். த்ராட்டில் பாடிக்கு ஆக்சிலரேட்டர் கேபிள் வருகிறதா? வந்தால் பெரும்பாலும் தனி ஐடில் வால்வு இருக்கும். கேபிளே இல்லையென்றால் மோட்டாரே தகட்டைத் திறந்து மூடுகிறது. கரியைத் துடைப்பதுதான் வேலை. சாவி ஆனில் இருக்கும்போது அதற்குள் விரல் விடாதீர்கள்.

படி 3: மீட்டர்

வால்வின் கனெக்டரைக் கழற்றி, மீட்டரை ஓம் (மின்தடை) அளவில் வைத்து, அதன் முனைகளை வால்வின் இரண்டு பின்களில் வையுங்கள். இரண்டு பின் வால்வுகள் பலவற்றில் 10 ஓம் சுற்றி வரும். உங்கள் கார் மேனுவல் சொல்வதே முடிவு. மீட்டர் ‘ஓஎல்’ (OL, அளவுக்கு அப்பால்) காட்டினால் வால்வுக்குள் இருக்கும் காயில் (கம்பிச்சுருள்) அறுந்துவிட்டது. பூஜ்யம் என்றால் ஷார்ட். மூன்று பின்னோ அதற்கு மேலோ இருந்தால் மேனுவல் படம் இல்லாமல் தொடாதீர்கள்.

ஓம் சரியாக இருந்தும் கரி பிடித்து வால்வு இறுகியிருக்கலாம். கழற்றி, த்ராட்டில் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். வால்வில் ஊசி முனை இருந்தால் அதைக் குறடால் இழுக்காதீர்கள். திரும்ப மாட்டும்போது கேஸ்கெட்டை (கசிவைத் தடுக்கும் அடைப்பு) புதிதாகப் போடுங்கள். அப்புறம் ஐடில் கொஞ்சம் கூடுதலாக ஓடினால், மேனுவலில் உள்ள ‘ஐடில் ரீலேர்ன்’ (காரின் கணினிக்கு ஐடில் வேகத்தை மறுபடி பழக்குவது) முறையைச் செய்யுங்கள். அதற்கும் அடங்கவில்லையா, எழுதிய எண்களோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.