பால் பைதானுக்கு இரை: உயிருள்ள எலியில் தொடங்கும் தவறுகள்

வேட்டையாடித் தின்கிற பாம்பு செத்த எலியைத் தொடுமா? பால் பைதான் (ball python, மிரண்டால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் சிறு மலைப்பாம்பு) வளர்க்கத் தொடங்கும் பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. அதனாலேயே ஒரு வெள்ளை எலியை உயிரோடு பெட்டிக்குள் விட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். இரை விஷயத்தில் இதைவிடப் பெரிய தவறு கிடையாது.

காட்டில் எலிக்கு ஓட இடமுண்டு, பாம்புக்கும் விலகிப் போக வழியுண்டு. மூன்றடிப் பெட்டியில் இரண்டுக்கும் வழியில்லை. பாம்புக்குப் பசியில்லை என்றாலோ, சட்டை உரிக்கும் நேரத்தில் கண் வெளுத்துக் கிடந்தாலோ அது எலியைச் சட்டை செய்யாது. எலி கடித்தாலும் பெரும்பாலும் திருப்பித் தாக்காமல் தலையை உள்ளே வைத்துச் சுருண்டுகொள்ளும். தீனியும் தண்ணீரும் இல்லாமல் அடைபட்ட எலி, பாம்பின் முதுகைக் கொறிக்கத் தொடங்கிவிடும். விடிந்து பார்க்கும்போது முதுகெலும்பு தெரிகிற அளவுக்குப் புண் இருக்கலாம்.

பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டாலும் ஆபத்து முழுதாகப் போய்விடாது. பாம்பு சரியாகத் தலையைக் கவ்வினால் சரி. இடுப்பையோ பின்னங்காலையோ கவ்விச் சுற்றிவிட்டால் எலியின் தலை வெளியே இருக்கும். கண், தாடை, கழுத்து என எட்டிய இடத்தில் கடிக்கும். வாய்க்குள் பட்ட சிறு கீறலும் சீழ் பிடிக்கலாம். நீங்கள் இடுக்கியை எடுத்து நீட்டுவதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். எலியின் பக்கத்திலிருந்தும் யோசிக்க வேண்டும். ஒளிய இடமில்லாத பெட்டியில் அது படும் பயத்துக்கும் வலிக்கும் எந்தத் தேவையும் இல்லை.

அடித்து மயங்க வைத்த எலியைப் போடுவதும் இதே கணக்குதான். மயக்கம் தெளிந்தால் கடிக்கும். உயிரோடு ஃப்ரீசரில் வைப்பது, தண்ணீரில் அமுக்குவது இரண்டும் சித்திரவதை, செய்யவே கூடாது. முறையாக கார்பன் டை ஆக்சைடில் கொன்று உறைய வைத்த எலியை வாங்குங்கள். வீட்டில் சுற்றும் எலி, வயல் எலி வேண்டாம். எலிபேஸ்ட்டோ விஷ பிஸ்கட்டோ தின்ற எலியாக இருந்தால் அந்த நஞ்சு பாம்புக்கும் போய்ச் சேரும். ஒட்டுண்ணிகளும் கூடவே வரும். கோழிக்கறித் துண்டும் சரிப்படாது. எலும்பு, ஈரல், குடல் எல்லாம் சேர்ந்த முழு உடல்தான் பாம்புக்குச் சரியான உணவு.

உறைந்த எலியைக் கொடுத்துப் பார்த்தேன், தொடவே இல்லை என்பவர்களில் பெரும்பாலோர் சறுக்குவது சூட்டில்தான். பால் பைதானின் மேலுதட்டில் வரிசையாகச் சிறு குழிகள் இருக்கும். வெப்பத்தை உணரும் உறுப்புகள் அவை. இருட்டில் இரை எங்கே, அதன் தலை எந்தப் பக்கம் என்பதை அது பெரிதும் இவற்றை வைத்தே அறிகிறது. சில்லிட்ட எலி அதற்குக் கட்டைக்குச் சமம்.

முதல் நாள் இரவே எலியை ஜிப் பையில் போட்டு, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். மறுநாள் மாலை, பையை மூடியபடியே 45 டிகிரி வெந்நீரில் 15 முதல் 20 நிமிடம் அமிழ்த்துங்கள்; நீர் ஆறினால் ஒருமுறை மாற்றுங்கள். பிறகு வயிற்றை விரலால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். வெளியே மெத்தென்று இருந்து நடுவில் கூழாங்கல் போல ஏதாவது தட்டுப்பட்டால் உள்ளே இன்னும் பனிக்கட்டி இருக்கிறது. அப்படியே கொடுத்தால் செரிக்காமல் கக்கிவிடலாம். தயாரான எலியின் மேற்புறச் சூடு 38 முதல் 40 டிகிரி இருக்க வேண்டும். அளக்க அகச்சிவப்பு வெப்பமானி போதும். கொடுப்பதற்குச் சற்று முன் தலையை மட்டும் அரை நிமிடம் கூடுதலாகச் சூடேற்றி, ரோமத்தைத் துடைத்துக் காயவிடுங்கள். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். ஓரிடம் வெந்து, ஓரிடம் உறைந்தபடி இருக்கும். வயிறு வெடித்தும் போகும்.

கொடுக்கும் விதத்திலும் தவறு நடக்கிறது. குறைந்தது 30 செ.மீ. நீள இடுக்கியால் எலியை இடுப்பருகே பிடித்து, தலை முன்னால் வரும்படி நீட்டுங்கள். மூக்கில் இடிக்காதீர்கள், இது கூச்ச சுபாவமுள்ள பாம்பு. ஒரு சாண் தள்ளி மெதுவாக அசைத்தால் போதும். நாக்கு நீட்டுவது நிதானமாகி, கழுத்து 'எஸ்' போல வளைந்து நின்றால் பாயப் போகிறது என்று அர்த்தம். கவ்வியதும் ஒருமுறை லேசாக இழுத்துவிட்டு விடுங்கள். எலி திமிறுவதாக எண்ணி இறுக்கும். அறை விளக்கை அணைத்துவிட்டு, இருட்டிய பின் கொடுப்பது நல்லது. இரை கொடுக்கவென்று வேறு டப்பாவுக்கு மாற்றத் தேவையில்லை. மாற்றினால் மிரளும், இரை எடுத்த பாம்பைத் திரும்பத் தூக்கவும் வேண்டிவரும்.

அளவு: பாம்பின் உடலில் மிகப் பருத்த இடம் எவ்வளவோ அவ்வளவு பருமன், அல்லது அதைவிடக் கொஞ்சம் கூட. முதல் வருடத்தில் உடல் எடையில் 10 முதல் 15 சதவீதம், வாரம் ஒருமுறை. அதாவது 300 கிராம் குட்டிக்கு 30 முதல் 45 கிராம் எலி. வளர்ந்த பாம்புக்கு 5, 6 சதவீதம், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை. வாராவாரம் கொடுத்துக் கொழுக்க வைப்பதும் தவறுதான்.

உயிருள்ள எலிக்கே பழகிப்போன பாம்பை ஒரே நாளில் மாற்ற முடியாது. ஒருமுறை மறுத்ததும் பயந்து மறுபடி உயிருள்ள எலியைப் போட்டால், முயற்சி முதலிலிருந்து தொடங்கும். ஏழு முதல் பத்து நாள் இடைவெளி விட்டு மறுபடி நீட்டுங்கள். புதிதாகக் கொன்ற, சூடு ஆறாத எலியில் தொடங்கி உறைந்ததற்கு மாறுவது பல பாம்புகளிடம் பலிக்கிறது. பெட்டியின் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி இருக்கிறதா, உடல் முழுதும் படும்படி நெருக்கமான மறைவிடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வளர்ந்த பால் பைதான் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் இரை எடுக்காமல் இருப்பது சகஜம். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எதையுமே தொடாத குட்டிக்கு வேறு வழியில்லாமல் உயிருள்ளதைக் கொடுக்க நேர்ந்தால், கண் திறக்காத எலிக்குஞ்சாக இருக்கட்டும். அதனால் கடித்துக் காயப்படுத்த முடியாது. கால் மணி நேரத்தில் எடுக்கவில்லையென்றால் குஞ்சை உடனே வெளியே எடுத்துவிடுங்கள். அதுவரை அங்கிருந்து நகரக் கூடாது.

இரை எடுத்தபின் 48 மணி நேரம் பாம்பைத் தூக்கக் கூடாது. கக்கிவிட்டால் பதறி மறுநாளே கொடுக்காதீர்கள். இரண்டு வாரம் விட்டு, வழக்கத்தில் பாதி அளவு கொடுங்கள். மறுபடி கக்கினால் மருத்துவர்தான். இரவில் வைத்த எலி காலையிலும் கிடந்தால் வெளியே எறியுங்கள், திரும்ப உறைய வைக்காதீர்கள். உறைந்தாலும் சால்மோனெல்லா கிருமி சாகாது. எலிப் பைக்குத் தனி டப்பா, தனிப் பாத்திரம், தனி இடுக்கி வேண்டும். சமையல் மேடையில் வைத்து இளக்கக் கூடாது. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை இந்த வேலையின் பக்கமே விட வேண்டாம்.