எச்ஐவி இருந்தா மூளைய எப்படி கவனிச்சுக்கறது

எச்ஐவின்னா ரத்தத்துல மட்டும் இருக்கற வைரஸ்னு நெறய பேர் நினைக்கறாங்க, ஆனா தொற்று வந்த சில வாரத்துலயே அது வெள்ளை அணுக்களுக்குள்ள ஒளிஞ்சுகிட்டு மூளைக்கு போயிடும். அங்க நியூரான்ங்கற நரம்பு செல்லுல பூந்து பெருகறதில்ல, மைக்ரோக்ளியான்னு மூளைய காவல் காக்கற செல்கள்லதான் குடியேறும், அதுங்க உஷாராகி சைட்டோகைன்ங்கற எச்சரிக்கை சிக்னல விட்டுகிட்டே இருக்கும், வருஷக்கணக்கா இது ஓயலன்னா பக்கத்து நியூரான்களோட இணைப்பு கெட்டுப்போகும்.

அதனால முதல் வேலை எச்ஐவி பெருகாம அடக்கற ஏஆர்டி மாத்திரைய சீக்கிரம் ஆரம்பிச்சு விடாம போடறது. இதுக்கு மிஞ்சின பாதுகாப்பு கிடையாது.

அப்புறம் உங்களையே கவனிங்க, யோசிக்க லேட் ஆகுதா, பேச்சு நடுவுல கவனம் சிதறுதா, மாத்திரை போட மறக்குதா, பட்டன் போட கை தடுமாறுதா, தேதியோட எழுதி வைங்க, கூட இருக்கறவங்களயும் கேளுங்க ஏன்னா பல நேரம் அவங்க கண்ணுலதான் முதல்ல படும்.

அந்த நோட்டோட, வைரல் லோட் (ரத்தத்துல வைரஸ் எவ்வளவு இருக்குன்னு காட்டற டெஸ்ட்) ரிப்போர்ட்டோட டாக்டர பாருங்க. வைட்டமின் பி12, தைராய்டு, சிபிலிஸ்ங்கற பால்வினை நோய், டிப்ரஷன், தூக்கம் எல்லாத்தயும் பாக்க சொல்லுங்க, எல்லா மறதியும் எச்ஐவியால வர்றதில்ல. எஃபாவிரென்ஸ் மாதிரி சில எச்ஐவி மாத்திரையே தலைசுத்தலும் கெட்ட கனவும் தரலாம், ஆனா தயவுசெஞ்சு நீங்களா நிறுத்தாதீங்க, மாத்தி தர முடியுமான்னு கேளுங்க.

பிபி, சுகர் கட்டுக்குள்ள இருக்கட்டும், சிகரெட்ட விடுங்க.

கடுமையான தலைவலி, காய்ச்சலோட குழப்பம், வலிப்பு, ஒரு பக்கம் கைகால் வராம போறது, இதுல எது வந்தாலும் அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்காம உடனே எமர்ஜென்சிக்கு போயிடுங்க.